கஸ்தூரி எத்தனை லிட்டர் கறக்கும்?

நாலு பேர் நம்மைப் பார்த்துக் கைதட்டினால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பின்னால் பார்த்துக்கொள்வது நல்லது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்காலுக்குள், தலையில் சாமந்திப்பூவும் வாயில் சேறுமாக, ஒரு குதிரைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தபோது தெரிந்துகொண்டேன்.

"உங்க நன்னிலத்துப் பக்கம் குதிரை ஏதும்மா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதை எங்கள் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். அம்மாவும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு ஒரு கறவை மாடு வேண்டும் என்று அப்பாவைச் சந்தைக்கு அனுப்பியது அம்மா. கையில் புதுக் கயிறு, நெற்றியில் விபூதி, "பல்லைப் பாத்து வாங்குங்க, மடியைப் பாத்து வாங்குங்க" என்று ஆயிரம் புத்திமதி. சாயங்காலம் அப்பா வந்தார். கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் மாடு இல்லை.

"என்னங்க இது?"

"குதிரைக்குட்டி."

"அது தெரியுது. மாடு எங்க?"

"மாடு ஒண்ணும் சரியா அமையல சரோஜா. இது அமைஞ்சுது. பொட்டைக் குட்டிதான்."

"பொட்டையா இருந்தா? எத்தனை லிட்டர் கறக்கும்?"

அப்பா கொல்லைப் பக்கம் போய்க் கால் கழுவ ஆரம்பித்தார். கஷ்டமான கேள்வி வந்தால் கால் கழுவுவது அவர் வழக்கம். (குதிரையைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே முன்னனுபவம், சின்ன வயதில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் ஒரு குதிரை இவர் காலை மிதித்தது. அதற்கப்புறமும் வாங்கியிருக்கிறார் என்றால் பாருங்கள்.)

குட்டிக்குக் கஸ்தூரி என்று பெயர் வைத்தோம். அம்மா அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டாள். அவளுக்கு அது 'கறக்காதது'. "ஏ கறக்காதது, நகரு!" "அந்தக் கறக்காதது மறுபடி வாழைக்கன்ன மேஞ்சுடுச்சு, வந்து பாருங்க ஒங்க சம்பாத்தியத்த!" விடிந்தால் இதுதான் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம். திட்டிக்கொண்டே ஒரு குண்டான் கழுநீரில் தவிட்டைக் கலந்து அதன் முன்னால் வைப்பாள். "கீழ கொட்ட மனசு வரல, அதான்" என்பாள். மூன்று பேர் சாப்பிடும் அரிசியைக் கழுவினால் ஒரு குண்டான் கழுநீர் வராது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கணக்கில் நான் எப்போதுமே கொஞ்சம் சுமார்.

அந்தச் சமயத்தில் நான் கல்லூரி முடித்துவிட்டு அரசாங்க வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். (அதாவது வீட்டில் சும்மா இருந்தேன்.) புத்தகத்தைப் பிரித்து வைத்து, அதன் நடுவில் போனை வைத்து, உலகத்தில் உள்ள அத்தனை குதிரைகளையும் பார்த்து முடித்தேன். அப்படிக் கண்ணில் பட்டதுதான் எண்டியூரன்ஸ். ஒரே மூச்சாகப் பறக்கிற பந்தயம் இல்லை அது. குதிரை மைல் கணக்கில் ஓட வேண்டும். நடுநடுவே கால்நடை டாக்டர் அதன் நாடித்துடிப்பைப் பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் துடிப்பு அடங்கினால்தான் மேலே ஓட விடுவார்கள். பாலைவனத்தில் ஓடும் அந்தக் குதிரைகளையும், கொல்லையில் கழுநீர் குடித்துக்கொண்டிருந்த கஸ்தூரியையும் மாறி மாறிப் பார்த்தேன். அதே கால், அதே கழுத்து. 'அடடா, வைரத்தை வச்சுக்கிட்டு வாழைக்கன்னுக்குச் சண்டை போட்டுக்கிட்டிருக்கோமே!' என்று தோன்றிவிட்டது.

பாலைவனத்துக்கு எங்கே போவது? எங்களுக்கென்று ஒரு பாலைவனம் இருந்தது. தை போனால் எங்கள் ஆற்றில் தண்ணீர் இருக்காது. மேட்டூரில் திறந்து, மேலே உள்ள ஊர்களையெல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாக எங்களைப் பார்க்க அது வந்து சேரும்வரைக்கும் ஆறு என்றால் வெறும் மணல்தான். புதையப் புதைய மணல். அதில் தினமும் காலையில் கஸ்தூரியை இறக்கி ஓட்டினேன். கீழே விழுந்து விழுந்துதான் ஏறக் கற்றுக்கொண்டேன். ஆனால் விழுந்தது மணல் என்பதால் எலும்பு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆற்றில் இறங்கினால் ஓட்டம். முடித்துக் கரையேறினால், களைத்த குதிரைக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமே என்று வீடுவரை மெதுநடை. இரண்டு கோடை இதே பழக்கம். மணலில் ஓடி ஓடி அதன் தொடையெல்லாம் முறுக்கேறிவிட்டது. என் மூளையும் அப்படி ஏதோ முறுக்கேறியிருந்திருக்க வேண்டும். ஏனென்றால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை.

இதற்கிடையே சாரட்டு ராஜு வந்தார். கல்யாண ஊர்வலங்களுக்குச் சாரட்டு வண்டி, குதிரை, ஜிகினாக் குடை எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய வெள்ளைக் குதிரைக்கு வயதாகிவிட்டதாம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கஸ்தூரியைப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு முடிந்துவிட்டது.

நான் சாப்பிட மாட்டேன் என்றேன். "சாப்பிடாத. அரிசி மிச்சம்" என்றாள் அம்மா. அப்பா கால் கழுவப் போய்விட்டார். அழுதேன், கத்தினேன், கடைசியில் போனில் பார்த்ததையெல்லாம் எடுத்துக் காட்டினேன். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஒரு டாக்டரம்மா இளங்குதிரைகளைச் சோதித்து, இது நெடுந்தூரம் ஓடும் ஓடாது என்று சொல்கிறாராம் என்றேன்.  அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"சரி. அந்த டாக்டரம்மா ஓடும்னு சொல்லட்டும், இருந்துட்டுப் போவட்டும். ஓடலன்னு சொன்னா அங்கயே ராஜு வண்டியில ஏத்தி விட்டுடணும். அழுவக் கூடாது, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது. என்ன ராஜு?"

"அக்கா சொன்னா சரி" என்றார் ராஜு.

குதிரை ஏற்றுகிற வண்டி எங்கள் வட்டாரத்தில் ராஜுவிடம் மட்டும்தான் இருந்தது. குதிரைச் சேணமும் அவரிடம்தான். ஆகவே கஸ்தூரியைச் சோதனைக்குக் கூட்டிப்போன மினி லாரியும் அவருடையது, அதன் முதுகில் போட்ட சேணமும் அவருடையது. சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் தங்க ஜரிகை, இரண்டு பக்கமும் குஞ்சம், குஞ்சத்துக்குக் குஞ்சம் சலங்கை. போகும்போது அது எங்கள் குதிரை. வரும்போது யாருடையது என்பதுதான் கேள்வி. 

கிளம்புவதற்கு முன்னால் அம்மா கண்மை டப்பாவோடு வந்து கஸ்தூரியின் கன்னத்தில் பெரிய பொட்டாக ஒன்று வைத்தாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "விக்கிற பொருள் மேல கண்ணு படக்கூடாதுல்ல?" என்றாள்.

மன்னார்குடியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். அப்பா போனில் விவசாயிகள் குழுவில் வந்ததையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். எந்த ஆற்றில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது, எந்த வாய்க்காலில் எப்போது விடுகிறார்கள் என்று டெல்டாக்காரனுக்கு ஆனி ஆடியில் வேறு பேச்சே கிடையாது. நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ ஓர் அரபு வீரர் எப்படிக் கடிவாளம் பிடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிஷம் அப்பா பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

டாக்டரம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், தலையில் தொப்பி, காலில் முழங்கால்வரை பூட்ஸ். லாரியிலிருந்து சலங்கை குலுங்க இறங்கிய கஸ்தூரியை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, கண்ணாலம் எங்கீங்க?"

"இல்லைங்க மேடம், எண்டியூரன்ஸ்..." என்றேன்.

"ஓ" என்றார். அந்த 'ஓ'வில் நிறைய இருந்தது.

ஆனால் சோதிக்க ஆரம்பித்ததும் அவர் முகம் மாறியது. பல்லைப் பார்த்தார். ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பைப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார். "நல்ல எலும்புங்க. நெஞ்சு நல்ல அகலம். எதுல ஓட்டிப் பழக்குனீங்க?" ஆற்று மணலில் என்றேன். "பரவால்லியே!" என்றார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கலெக்டராகப் பதவியேற்றவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

அடுத்தது ஓட்டிக்காட்டுவது. குதிரை நொண்டுகிறதா என்று பார்ப்பதற்காக, அதைக் கையில் பிடித்துக்கொண்டு தென்னை வரிசையின் கடைசிவரை ஓடித் திரும்ப வேண்டும். குதிரை மட்டும் ஓடினால் போதாது, பிடிக்கிறவரும் கூட ஓட வேண்டும் என்பது நான் பார்த்த எந்த வீடியோவிலும் என் கண்ணில் படவில்லை. கஸ்தூரி ஒய்யாரமாகக் குதித்துக்கொண்டு ஓடியது. நான் பாதிவரை ஓடினேன், மீதியை அது என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. துப்பட்டா ஒரு மரத்தடியில், செருப்பு இன்னொரு மரத்தடியில். திரும்பி வந்து நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. டாக்டரம்மா கஸ்தூரியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"குதிரை நல்லாத்தான் இருக்குது. அம்மிணி, உங்களுக்குத்தான் பல்சு பாக்கோணுமாட்ட இருக்குது."

ராஜு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "தின்னுபுட்டுத் தின்னுபுட்டுப் போனப் பாத்துக்கிட்டுக் கெடந்தா மூச்சு எங்கேருந்து வரும்?" என்று மட்டும் சொன்னாள்.

கடைசிச் சோதனைதான் முக்கியமானது. தோப்பை ஒட்டி ஒரு வாய்க்கால் போகிறது. அதன் கரையோடு ஓட்டிப் போய், தூரத்தில் உள்ள பாலத்தடியில் திரும்பி, அதே கரையோடு வர வேண்டும். வந்ததும் நாடித்துடிப்பு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்ப்பார். "கரையை உட்டு எறங்கிராதீங்க, வழி பூரா அடையாளத்துக்குத் துணி கட்டியிருக்குதுங்க" என்று இரண்டு முறை சொன்னார். நான் சேணத்தில் ஏறி, சலங்கை ஒலிக்க, கரையில் கிளம்பினேன்.

கஸ்தூரி நடந்தது.

குதிகாலால் தட்டினேன். நடந்தது. "ஹேய் ஹேய்" என்றேன். காதை ஆட்டிவிட்டு நடந்தது. வழியில் இருந்த அருகம்புல்லை ஒரு வாய் கடித்துக்கொண்டு, சாவகாசமாக, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக நான் அதற்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறேன்? ஆற்றில் இறங்கினால் ஓட வேண்டும், கரையேறினால் நடக்க வேண்டும். பிள்ளை பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் படித்திருந்தது. தப்பு வாத்தியார் மேல்தான்.

திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் அம்மா நெற்றிமேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜு லாரியின் பின்கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுபடியும் குதிகாலால் தட்டினேன்.

கொஞ்ச தூரத்தில் மாடுகள் இறங்குகிற ஒரு சரிவு வந்தது. கீழே வாய்க்கால் காய்ந்து, வெள்ளை மணலாகக் கிடந்தது. கஸ்தூரி நின்றது. காதை நிமிர்த்தியது. நான் கடிவாளத்தை எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, சத்தியமாக. (இழுத்து நிறுத்தவும் இல்லை.) நாலே எட்டில் சரிவில் இறங்கியது, மணலில் கால் பட்டது, அப்புறம் பறந்தது பாருங்கள்! தொப்பிக்காரி என்ன சொன்னால் என்ன, கரை மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன, ஓடுகிறதா இல்லையா என்பதுதானே கேள்வி? காற்று காதில் இரைந்தது. சலங்கைச் சத்தம், குளம்புச் சத்தம். வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

வளைவு திரும்பியதும் பாலம் தெரிந்தது. பாலத்தின் மேல் ஒரே கூட்டம். இரண்டு கரையிலும் கூட்டம். பெண்கள் தாம்பாளத்தோடு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், யாரோ மேளத்தைத் தட்டினார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டாக்டரம்மா இவ்வளவு ஏற்பாடு செய்திருக்கிறாரா! திரும்புகிற இடத்தில் உற்சாகப்படுத்த ஆள் வைத்திருக்கிறாரா! இதுவல்லவா விளையாட்டு!

பாலத்தடியில் கஸ்தூரியை இழுத்து நிறுத்தினேன். மேலேயிருந்து பூ விழுந்தது. நெல் விழுந்தது. நான் இரண்டு கையையும் கூப்பி, இந்தப் பக்கம் ஒரு கும்பிடு, அந்தப் பக்கம் ஒரு கும்பிடு போட்டேன். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் தோற்றார்.

"ஏ பாப்பா, மேல ஏறி வா!" என்று பாலத்திலிருந்து ஒரு அக்கா கத்தினார்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு விருந்தாளியை ஒரு வாய் சாப்பிடாமல் அனுப்ப மனசு வராது. நான் சிரித்துக்கொண்டே, "இருக்கட்டுங்க, நேரமாயிடுச்சு, இன்னொரு நாளைக்கு வர்றேன்" என்றேன்.

"அடக் கூறுகெட்டவளே, பின்னால பாரு!"

பார்த்தேன். வளைவில் வாய்க்கால் அகலத்துக்கும் பழுப்பு நிறத்தில் ஒன்று நுரைத்துக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் சருகு, தென்னம்பாளை, பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாம் உருண்டு வந்தன. அந்த வருஷத்து முதல் தண்ணீர். ஊரே அதை வரவேற்கத்தான் தாம்பாளத்தோடு நின்றிருக்கிறது. நான் அதற்கு ஒரு வளைவு முன்னால், சலங்கை கட்டிக்கொண்டு, நானாக வந்து நின்று கும்பிடு போட்டிருக்கிறேன். டெல்டாவில் பிறந்து வளர்ந்தவள், ஆனி மாதத்தில், காய்ந்த வாய்க்காலுக்குள் குதிரை ஓட்டியிருக்கிறேன்!

"ஓடு கஸ்தூரி!" என்று கத்தினேன்.

கஸ்தூரி ஓடவில்லை. தண்ணீர் வந்து அதன் குளம்பைத் தொட்டது. குனிந்து முகர்ந்தது. உறிஞ்சிக் குடித்தது. நல்லா இருக்கிறது என்று தோன்றியிருக்க வேண்டும். முன்னங்காலால் சளப் சளப் என்று நாலு அடி அடித்தது. அடுத்து முன்னங்காலை மடக்கியது. "வேணாண்டி, வேணாம், வேணாம்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வெல்வெட், ஜரிகை, குஞ்சம், நான், எல்லாவற்றோடும் சேர்ந்து அந்த முழங்கால் தண்ணீரில் படுத்துவிட்டது. நான் ஒரு பக்கமாக உருண்டு மல்லாந்தேன். காவிரியை நான் அவ்வளவு நெருக்கமாக அதற்குமுன் ருசி பார்த்ததில்லை.

பாலமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்கியதும் பெண்கள் குலவை போட்டார்கள். நாலைந்து பேர் இறங்கி வந்து என்னையும் குதிரையையும் கரையேற்றினார்கள். "தண்ணிய முன்னால நடத்திக் கூட்டிக்கிட்டு வந்திருக்கு, லேசுப்பட்ட குதிரையா இது?" என்றார் கூறுகெட்டவள் என்று என்னைத் திட்டிய அதே அக்கா. கஸ்தூரியின் நெற்றியில் மஞ்சள் குங்குமம். கழுத்தில் மாலை. ஆரத்தி. வெல்லம் போட்ட காப்பரிசி. எனக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தார்கள். நான் அழுதுகொண்டே தின்றேன்.

திரும்பும்போது கரை வழிதான். கரை என்றால் நடைதான். மேளக்காரர் தோப்புவரை கூடவே வந்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டரம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. மாலையை விலக்கி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். "பல்சு அருமையா அடங்கியிருக்குதுங்க" என்றார். பின்னே, குளித்து, குடித்து, படுத்து எழுந்து, காப்பரிசி சாப்பிட்டு, நடந்து வந்த குதிரைக்கு அடங்காமல் என்ன செய்யும்?

"நல்ல குதிரைங்க. கால், மூச்சு, நெஞ்சு ஒரு குறை இல்ல. ஆனா நெடுந்தூரப் பந்தயத்துக்கு ஆகாதுங்க. வழிய உட்டு எறங்கிப்போடுது. நடுவால படுத்துக்குது. நான் என்னன்னுங்க சொல்றது?"

அவ்வளவுதான்.  அழக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்ததால் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். அது ஈரமாகத்தான் இருந்தது, யாருக்கும் தெரியாது. அப்பா கால் கழுவ இடம் தேடினார்.

ராஜு சேணத்தைக் கழற்றிப் பிழிந்தார். சேறாக ஒழுகியது. ஆனால் மனுஷனுக்குக் கோபமே வரவில்லை. "வெல்வெட்டு போனாப் போவட்டும்க்கா. அவ்வளவு கூட்டம், மேளம், ஆரத்தி, ஒண்ணுக்கும் மிரளலயாம், கேட்டீங்களா? ஊர்வலத்துக்குன்னே பொறந்த குதிரைக்கா!" என்று சொல்லிக்கொண்டே லாரியின் பின்கதவை இறக்கி, பலகையைப் போட்டார்.

அம்மா வந்து கஸ்தூரியின் முன்னால் நின்றாள். கழுத்து மாலையைச் சரிசெய்தாள். மை கலைந்து கன்னமெல்லாம் வழிந்திருந்ததை முந்தானையால் துடைத்தாள். கஸ்தூரி அம்மாவின் பையில் மூக்கை விட்டது. பைக்குள் ஒரு தூக்குவாளி இருந்தது. எங்களுக்குச் சாப்பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா மூடியைத் திறந்தாள். கழுநீர். அதில் தவிடு. நன்னிலத்திலிருந்து சிந்தாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

அது குடித்து முடித்ததும் அம்மா வாளியை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"பலகைய எடு ராஜு" என்றாள் அம்மா.

"என்னக்கா?"

"புதுத் தண்ணி வந்த அன்னைக்கு வீட்டு சீவன அடுத்தவன் கையில புடிச்சுக் குடுப்பாங்களா? நீயும் வெவசாயக் குடும்பந்தானே?"

"அக்கா, பேச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல? ஓடலன்னா வித்துடறேன்னீங்க. இப்ப மாத்துனா எப்படி?"

"யாருடா பேச்சு மாறினது? ஓடும்னு சொன்னா இருக்கட்டும்னேன். ஓடலன்னா ஏத்தி விட்டுடறேன்னேன். இது ஓடுச்சு, அப்புறம் படுத்துச்சு. படுத்தா என்னன்னு பேசுனோமா?"

ராஜு அப்பாவைப் பார்த்தார். அப்பா தென்னை மரத்தைப் பார்த்தார். டாக்டரம்மா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நான் அப்போதுதான் நிமிர்ந்து, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன். "இப்ப எதுக்குடி அழுவுற? மூக்கத் தொடை" என்றாள் அம்மா. அவள் குரலும் சரியாக இல்லை.

அந்த மினி லாரியிலேயே கஸ்தூரியோடு வீடு திரும்பினோம்.  ராஜு மன்னார்குடியில் டீகூடக் குடிக்கவில்லை. (பிற்பாடு அம்மா புது வெல்வெட் துணி எடுத்துக் கொடுத்து சமாதானம் செய்தாள்.) மறுநாள் எங்கள் ஆற்றிலும் தண்ணீர் வந்துவிட்டது. முறைப்படி திறந்து, முறைப்படி வந்த தண்ணீர்தான். ஆனால் அதையும் கஸ்தூரிதான் கூட்டிவந்தது என்று நம்பிய அம்மாவிடம் யார் சொல்வது?

வருஷங்கள் ஓடிவிட்டன. நான் இப்போது திருத்துறைப்பூண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆமாம், கடைசியில் தேர்வு எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். முதல் முறை பாஸ் செய்யவில்லை. "பாஸ் பண்ணா வேலை, ஃபெயிலானா கல்யாணம்னு சொன்னேன்ல?" என்று அம்மா மாப்பிள்ளை ஜாதகத்தோடு வந்தபோது, "நான் ஃபெயிலாகலம்மா. காய்ச்சல்ல பரீட்சைக்கே போகல. படுத்தா என்னன்னு பேசுனோமா?" என்று கேட்டேன். அம்மா ஜாதகத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்த வேலையை அரைகுறையாக விட்டாலும் இதுதான் பதில். போன வருஷம் அப்பா மோட்டார் ரிப்பேர் பார்க்கிறேன் என்று கொட்டகைக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்து, அம்மா வாயைத் திறப்பதற்குள் இதையே சொன்னார்.

கஸ்தூரி இன்னும் இருக்கிறது. எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. வருஷம் ஒருநாள் மட்டும் அதற்கு வேலை. தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வந்து நிற்பார்கள். அம்மா அதன் நெற்றியில் மஞ்சள் வைத்து, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, வேறு யார் கையிலும் கயிற்றைக் கொடுக்காமல், தானே ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போவாள். தண்ணீர் வந்ததும் அது இறங்கிக் குடித்துவிட்டு, நிதானமாகப் படுத்து எழுந்து வரும். எல்லாரும் கைதட்டுவார்கள். நான் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு, பிறகு தட்டுவேன்.

இந்த வருஷம் நான் லீவு போட்டுப் போயிருந்தேன். ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் கேட்டார்.

"ஏன் சரோஜா, எத்தனை லிட்டர் கறக்குது?"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆற்றைக் கையால் காட்டினாள்.

"அந்தா கெடக்கு. போயி அளந்துக்கங்க."